மாமாவின் வேகன்ஆர்: எஞ்சின் ரூமை வீட்டிலேயே கழுவலாமா?

வேலந்தாவளம்_வேகன்ஆர்
சனி, காலை 7:40

வணக்கம். வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். சோதனைச்சாவடி தாண்டி கேரளப் பக்கம் இரண்டு கிலோமீட்டர். மாமாவின் 2012 வேகன்ஆர் என் கைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல், மூன்று சிலிண்டர், 68,000 கிலோமீட்டர் ஓடியது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எட்டு மாதமாகத் தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்றிருந்தது. பேட்டரியை சார்ஜ் போட்டதும் ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது, அதில் குறையில்லை.

நேற்று பானட்டைத் திறந்து பார்த்தேன். ஆடிக்காத்தில் அம்மியே பறக்கிற ஊர், தூசிக்குக் கேட்கவா வேண்டும்? டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) மேல் விரல் வைத்து இழுத்தால் ஏர் ஓட்டின மாதிரி தடம் விழுகிறது. மேலே காய்ந்த செம்மண், அடியில் கறுப்பாகப் பிசுக்கு. பேட்டரி பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகக் காலிஃபிளவர் போலப் பூத்திருக்கிறது. பேட்டரிக்கும் ஃப்யூஸ் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு எலிக்கூடு: தென்னை நார், சாக்கு நூல், எங்கிருந்தோ பிய்த்த பஞ்சு, அப்புறம் கேரள லாட்டரிச் சீட்டுத் துணுக்குகள். மாமா லாட்டரி எடுப்பது அத்தைக்குத் தெரியாது.

வாட்டர் சர்வீஸ் கடையில் கேட்டேன், "பிரஷரில் அடித்தால் அரை மணி நேரத்தில் புதுசு மாதிரி" என்கிறார்கள். வீட்டில் "ஓடுகிற வண்டியைத் தொடாதே" என்கிறார்கள். திங்கட்கிழமை முதல் கந்தேகவுண்டன்சாவடி வழியாக தினமும் கோவைக்கு வேலைக்குப் போக வேண்டும். நானே கழுவலாமா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கஞ்சிக்கோடு_காற்றாலை
சனி, காலை 8:15

தம்பி, இதற்கெல்லாம் யோசிக்கவே கூடாது. பத்து வருஷமாக வீட்டு பிரஷர் வாஷரில்தான் எஞ்சினை அடிக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. அடித்துவிட்டு ஒரு ரவுண்டு வாளையாறு வரை போய் வந்தால் எஞ்சின் சூட்டிலேயே எல்லாம் காய்ந்துவிடும்.

சித்தூர்_டீசல்
சனி, காலை 8:52

அய்யய்யோ, அவர் பேச்சைக் கேட்காதீங்க. போன வருஷம் பைபாஸில் ஒரு வாட்டர் சர்வீஸில் என் டீசல் ஸ்விஃப்டை விட்டேன். கிரானைட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடுகிற வண்டி, பானட்டுக்கு அடியில் ஒரு சுற்று கல்மாவு. பையன் பைப்பை எடுத்து நேராக ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) மேலேயே பிடித்தான். நான் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், புத்தி வரவில்லை. மூன்றாம் நாள் பேட்டரி லைட் எரிந்தது, நடுரோட்டில் நின்றேன். பேரிங்கும் போய் உள்ளே டயோடும் போய், எட்டாயிரம் ரூபாய். கேட்டால் "அது முன்னாடியே போயிருந்திருக்கும் சார்" என்கிறார்கள். தண்ணீரே வேண்டாம். துணியால் துடையுங்கள், போதும்.

கஞ்சிக்கோடு_காற்றாலை
சனி, காலை 8:58

சித்தூரில் ஏது கிரானைட் லாரி? நம்ம சித்தூரில் நெல்லு லாரிதானே?

சித்தூர்_டீசல்
சனி, காலை 9:03

நான் ஆந்திரா சித்தூர்ங்க. குப்பம் ரோட்டில் வந்து பாருங்கள், லாரி தெரியும். உங்கள் ஊரால் எனக்கு கூரியர் எத்தனை தடவை பாலக்காடு போய்த் திரும்பியிருக்கிறது தெரியுமா?

பத்து_நம்பர்_ஸ்பேனர்
சனி, காலை 10:30

மீனாட்சிபுரம் பக்கம் 22 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதிரி இல்லை. மழையில் போகும்போது அடியிலிருந்து எவ்வளவு தண்ணீர் அடிக்கிறது, வண்டி நிற்கிறதா? வயர்கள் சேருகிற ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தெறிக்கிற தண்ணீரை அது தாங்கும். ஆனால் பிரஷர் பைப் முனையில் வருவது ஊசி. புது வண்டி அதையும் ஒருவேளை தாங்கலாம். 2012 வண்டியில் ரப்பர் இறுகிப் போயிருக்கும், கப்ளர் கிளிப்பெல்லாம் சூட்டில் வெந்து அப்பளம் மாதிரி இருக்கும். காற்றாலை அண்ணனுக்குப் பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது, அவர் வண்டிக்கு ஆயுசு கெட்டி.

முதலில் எதற்குக் கழுவுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பளபளப்புக்காக என்றால் பானட்டை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். பழைய வண்டி வந்தால் நான் கழுவச் சொல்வது ஒரே காரணத்துக்குத்தான், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு. எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி ஒட்டும். ஒட்டின தூசி எண்ணெயை உறிஞ்சி இன்னும் கொஞ்சம் தள்ளிப் பரப்பும். ஒரு வருஷத்தில் எல்லா இடமும் ஒரே கறுப்பு, எது தாய் எது பிள்ளை என்று தெரியாது. டாப்பெட் கவர் பேக்கிங் (மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர்) ஒழுகினதை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற கிராங்க் ஆயில் சீல் என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கின மெக்கானிக் எனக்குத் தெரியும். (யார் என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது வயது 24.)

சரி, செய்யும் முறை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டாப்பெட் கவர் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை எடுக்கத் தோன்றக்கூடாது. சூட்டோடு இருந்தால் அடிக்கிற டிகிரீசர் (பிசுக்கு எடுக்கிற மருந்து) அப்படியே காய்ந்து திட்டாகப் படிந்துவிடும், பழுக்கக் காய்ந்த மேனிஃபோல்டில் (எஞ்சின் புகை வெளியேறுகிற குழாய்) பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசலும் விடலாம். வெயிலில் வேண்டாம், காலையிலோ சாயங்காலமோ நிழலில் செய்யுங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில். மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கிற ஸ்பேனர் பாடியில் பட்டு வெல்டிங் அடித்துவிடும். நெகட்டிவைக் கழற்றுவதில் இன்னொரு லாபம், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி விரலை வெட்டாது.

ஆல்டர்னேட்டர் (பழைய ஆட்கள் டைனமோ என்பது இதைத்தான்), ஃப்யூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகிற வாய், காயில்கள் (பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பவை), ஈசிஎம் பெட்டி (எஞ்சினின் கம்ப்யூட்டர்), இவற்றுக்கெல்லாம் பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பானட் ஓரம், கண்ணாடிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் ஓடையில் இலை தழை அடைத்திருந்தால் கையால் அள்ளுங்கள். அது அடைத்தால்தான் மழைத்தண்ணீர் ஏசி புளோயருக்குள் இறங்குகிறது.

அப்புறம் முக்கால்வாசி வேலை உலர்ந்த வேலை. இரண்டு இஞ்ச் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ. முதலில் மண்ணைத் தட்டி எடுங்கள். மண் இருக்கும்போதே தண்ணீர் விட்டால் அது சேறாகி கப்ளர் இடுக்கில் எல்லாம் புகுந்து உட்காரும். மண் போனதும் டிகிரீசரைக் கீழிருந்து மேலாக அடித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு பிரஷ் போட்டு, பூச்செடிக்கு அடிக்கிற கைஸ்பிரேயரால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். துடைத்து, பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காயவிட்டு, கவரை எல்லாம் எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடுங்கள்.

கடையில் எஞ்சின் ஷைன் என்று ஒரு ஸ்பிரே தருவார்கள். ஃபேன் பெல்ட் மேல் ஒரு சொட்டு பட்டாலும் போதும், தினமும் காலையில் கீச்சென்று கத்தி ஊரையே எழுப்பும்.

வேலந்தாவளம்_வேகன்ஆர்
சனி, காலை 10:48

அண்ணா, ரொம்ப நன்றி. டிகிரீசர் வாங்கத் தேவையா, பாத்திரம் கழுவுகிற லிக்விட் போதாதா? (காற்றாலை அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கச்சி.)

பத்து_நம்பர்_ஸ்பேனர்
சனி, காலை 11:10

லேசான பிசுக்குக்குப் பாத்திர லிக்விட் போதும் அம்மணி, நன்றாக அலசி எடுத்தால் சரி. கெட்டிப் பிசுக்குக்கு டிகிரீசர் வேண்டும். லேபிளில் அலுமினியத்துக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். காரம் அதிகமான சரக்கு அலுமினியத்தில் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், தேய்த்தாலும் போகாது. பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். ஒருத்தர் அதை ஊற்றிக் கழுவிவிட்டுப் பளிச்சென்று இருக்கிறதே என்று என்னிடமே காட்ட வந்தார்.

செங்கோட்டை_800
சனி, மதியம் 12:20

இவ்வளவு செலவு எதற்கு? எங்கள் அப்பா 1994 மாருதி 800-ஐ மண்ணெண்ணெய் தொட்டுத்தான் துடைப்பார். ஆரியங்காவு மலையேறி புனலூர் போய் வந்த வண்டி, கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே தொல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுப்பது) மூடிக்குள் ஈரம் இறங்கினால் வண்டி அசையாது. மூடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து மாட்டுவார், கிளம்பிவிடும்.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
சனி, மதியம் 12:55

அப்பா காலத்தில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான், நானும் அதில் கை கழுவினவன்தான். ஆனால் மண்ணெண்ணெய் 38 டிகிரி வாக்கில் தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். பாலக்காட்டில் பங்குனி சித்திரையில் நிழலிலேயே 40 தொடுகிறது. பெட்ரோல் ஊற்றித் துடைப்பது அதைவிடக் கொடுமை, அதற்கு வெயிலே வேண்டாம். இன்னொன்று, ரேடியேட்டர் ஓஸ் ரப்பருக்கு எண்ணெய் வகை ஆகாது. ஊறினால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். கழற்றின இரும்புச் சாமானைத் தட்டில் போட்டுக் கழுவ மண்ணெண்ணெய் சரி, வண்டியோடு வேண்டாம்.

தத்தமங்கலம்_அக்கா
சனி, மதியம் 2:05

வண்டி விஷயம் எனக்குத் தெரியாது, நான் நர்ஸ். எல்லோரும் எண்ணெயைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த எலிக்கூட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தங்கச்சி, வெறுங்கையை வைக்காதே. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, ஊரில் எலிப்பனி என்பார்கள், அது எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமியால் வருவது. விரலில் ஸ்பேனர் கீறின சின்னக் காயம் போதும், கண்ணைத் துடைத்தால் போதும். எட்டு மாதப் பழைய கூடுதானே என்று நினைக்காதே, நேற்று ராத்திரியும் எலி வந்து போயிருக்கலாம். மழைக்காலம் வந்தால் எங்கள் வார்டில் கட்டில் காலியாக இருக்காது. காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு என்று வருவார்கள். கேட்டால் வயலில் இறங்கினேன், ஓடை சுத்தம் செய்தேன் என்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ரப்பர் கிளவுஸ், மாஸ்க். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவோ காற்று அடிக்கவோ கூடாது, தூளாகப் பறந்து மூக்குக்குள் போகும். பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கூட்டின் மேல் நனையத் தெளித்து ஐந்து நிமிஷம் விட்டு, ஈரத்தோடு அள்ளிக் கவரில் போட்டுக் கட்டிவிடு. அதற்கு முன்னால் ஒரு குச்சியால் தட்டிப் பார். எலி குடியிருக்கிற இடத்துக்கு எலியைத் தேடியும் ஒருத்தர் வருவார்.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
சனி, மதியம் 2:30

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. 22 வருஷத்தில் நான் ஒருநாளும் கிளவுஸ் போட்டதில்லை, படிக்கும்போதே பயமாக இருக்கிறது. பிளீச் பட்ட இடத்தை உடனே பச்சைத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள், உலோகத்தை அரிக்கும். அதை வேறு எந்த கிளீனரோடும் கலக்க வேண்டாம், ஆசிட்டோடு கண்டிப்பாகக் கூடாது, விஷவாயு வரும்.

எருத்தேம்பதி_கிணறு
சனி, மாலை 4:40

எங்கள் பஞ்சாயத்தில் கோடை வந்தால் குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிறது. இதில் எஞ்சின் கழுவப் பைப்பைத் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நான் மொத்தமாகப் பயன்படுத்துவது ஒரு வாளி. போர் தண்ணீர் வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து, காய்ந்ததும் பானட்டுக்குள் கோலம் போட்ட மாதிரி வெள்ளைத் திட்டு. ஓட்டு வீட்டு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் ராஜா.

அப்புறம் கழுவின எண்ணெய்த் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். என் பக்கத்து வீட்டுச் சேட்டன் கிணற்றுக்கு மேட்டில் வண்டியை நிறுத்திக் கழுவினார். மழை பெய்ததும் கிணற்றில் வானவில். தண்ணீர் இறைத்து இறைத்து ஒரு மாதம் ஆயிற்று, இன்னும் அவர் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. மர அறுவை மில்லில் மரத்தூள் ஒரு சாக்கு சும்மா தருவார்கள். எஞ்சினுக்கு அடியில் பழைய ஃபிளெக்ஸ் போர்டை விரித்து அதன் மேல் கொட்டுங்கள், எண்ணெயை அப்படியே குடித்துவிடும்.

கஞ்சிக்கோடு_காற்றாலை
சனி, மாலை 5:15

மன்னிக்கணும் தங்கச்சி. ஒரு சந்தேகம், மச்சான் எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான், அதையும் இப்படித்தானா?

பத்து_நம்பர்_ஸ்பேனர்
சனி, மாலை 5:22

ஆரஞ்சு கலர் வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஆளைக் கொல்லுகிற வோல்டேஜ். மேலாக உலர்ந்த துணி, அதோடு சரி.

வேலந்தாவளம்_வேகன்ஆர்
ஞாயிறு, மாலை 4:10

செய்துவிட்டேன்! காலை 6:30-க்கு ஆரம்பித்தது.

குச்சியால் தட்டினேன். ஒருத்தரும் வரவில்லை, ஆனால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடைத்தது. அங்கேயே அரை மணி நேரம் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்து, சாரை என்று ஒரு கட்சி, நல்லபாம்பு என்று ஒரு கட்சி. கூட்டை அக்கா சொன்னபடி நனைத்து அள்ளினேன். அடியில் ஒரு வயரின் மேல்தோலைக் கடித்து வைத்திருக்கிறது, செம்பு தெரிகிறது, அறுபடவில்லை.

பேட்டரி பூத்திருந்ததற்கு ஆப்பச் சோடா இரண்டு ஸ்பூனை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். சர்ரென்று நுரைத்துக்கொண்டு வந்தது, சோடா பாட்டில் உடைத்த மாதிரி. நுரை அடங்க அடங்க அடியில் ஈயம் தெரிந்தது. மேலே மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும் என்று எங்கோ படித்தது ஞாபகம். துடைத்துக் காயவைத்து முனையை மாட்டி, மேலே வாசலின் தடவினேன்.

மண்ணை பிரஷால் தட்டினதில் ஒரு முறம் தேறியது. சத்தியமாக ஒரு முறம், போட்டோ எடுத்திருக்கிறேன். இடுக்குகளுக்கு டூத் பிரஷ்கூட போகவில்லை, ஈர்க்குச்சியில் பனியன் வேஸ்டைச் சுற்றிக் குடைந்தேன். தண்ணீர் மொத்தம் ஆறு லிட்டர். கவரெல்லாம் போட்டேன், மரத்தூளும் போட்டேன்.

துடைத்து ஒன்றரை மணி நேரம் காயவிட்டேன். இப்போது ஸ்டார்ட் செய்தால் வண்டி தடதடவென்று ஆடுகிறது. செக் லைட் எரிகிறது. ஸ்டியரிங் எல்லாம் நடுங்குகிறது. வீட்டில் "நான் அப்போதே சொன்னேனே" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

கஞ்சிக்கோடு_காற்றாலை
ஞாயிறு, மாலை 4:14

ஒரு ரவுண்டு ஓட்டினால் காய்ந்துவிடும்.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, மாலை 4:16

ஓட்டாதீர்கள்! ஆஃப் செய்யுங்கள். ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுக்கும். அதன் விலையில் பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

காயில் கவர் போட்டுத்தானே கழுவினீர்கள்?

வேலந்தாவளம்_வேகன்ஆர்
ஞாயிறு, மாலை 4:19

போட்டேன் அண்ணா. ஆனால்... கழுவுவதற்கு முன்னால், கழுவின பின்னால் என்று உங்களுக்கெல்லாம் காட்ட போட்டோ எடுக்கிறேன் என்று நடுவில் ஒருமுறை கழற்றினேன். திரும்பப் போட்டேனா என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, மாலை 4:25

போடவில்லை என்று வண்டி சொல்கிறது.

பயப்படாதீர்கள், இது சின்ன வேலை. நெகட்டிவைக் கழற்றுங்கள். காயில் கப்ளரின் பூட்டை அமுக்கி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி காயிலை லேசாகத் திருகி மேலே தூக்குங்கள். அடியில் நீளமாக ஒரு குழி, அதன் அடியில் பிளக். எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கை மட்டும் இப்போது கழற்றிவிடாதீர்கள், குழித் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். ஈர்க்குச்சியில் துணி சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். காயிலின் ரப்பர்க் குழாயையும் உள்ளும் புறமும் துடையுங்கள். தலைமுடி காயவைக்கிற மெஷின் இருந்தால் குறைந்த சூட்டில் பத்து நிமிஷம் காட்டுங்கள்.

வேலந்தாவளம்_வேகன்ஆர்
ஞாயிறு, மாலை 5:35

நடுக்குழி! ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்தது. மற்ற இரண்டும் காய்ந்துதான் இருந்தன. ஒற்றி எடுத்து, மெஷின் காட்டி, மாட்டி ஸ்டார்ட் செய்தேன். தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. செக் லைட்டும் எரியவில்லை. நாற்காலி உள்ளே போய்விட்டது.

ஒரு விஷயம், குச்சியில் வந்த துணி வெறும் ஈரமாக இல்லை. பழுப்பாக, வழவழவென்று இருந்தது. நான் டிகிரீசரைச் சரியாக அலசவில்லையா?

பத்து_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, மாலை 6:02

மோந்து பாருங்கள். டிகிரீசர் வாடையா, எஞ்சின் ஆயில் வாடையா?

வேலந்தாவளம்_வேகன்ஆர்
ஞாயிறு, மாலை 6:06

ஆயில்.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
ஞாயிறு, மாலை 6:20

அப்படியென்றால் அது நீங்கள் கழுவியதால் வந்தது இல்லை, கழுவியதால் தெரிந்தது. டாப்பெட் கவர் பேக்கிங் தொகுப்பில் பிளக் குழியைச் சுற்றியும் ரப்பர் உண்டு. அது இறுகினால் எண்ணெய் குழிக்குள் கசியும். விட்டால் காயில் ரப்பர் ஊறி, ஒருநாள் இதே தடதடப்பு மழையும் தண்ணீரும் இல்லாமலே வரும். அவசரமில்லை, நாளைக்கு வேலைக்குப் போகலாம். மூன்று நாள் ஓட்டிவிட்டு டாப்பெட் கவர் ஓரத்தை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றி ஒற்றிப் பார்த்து எழுதுங்கள். கடித்த வயருக்குத் தற்காலிகமாக டேப் சுற்றுங்கள், இங்கே வரும்போது ஸ்லீவ் போட்டுத் தருகிறேன்.

வேலந்தாவளம்_வேகன்ஆர்
வியாழன், இரவு 8:50

மூன்று நாள் ஆயிற்று. முன்பக்கம் சுத்தம். பின்பக்கம், கண்ணாடிப் பக்க மூலையில் துணி வைத்தால் புது எண்ணெய். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமயிர் அகலத்துக்கு ஒரே ஒரு கோடு, கவர் ஓரத்தில் ஆரம்பித்து மேனிஃபோல்டு பக்கம் இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது ஒரு தீய்ந்த வாடை வரும், கிளட்ச் என்று மாமா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதுதான் போலிருக்கிறது. போன வாரம் அந்தக் கறுப்புக்கு நடுவில் இந்தக் கோட்டை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

பத்து_நம்பர்_ஸ்பேனர்
வியாழன், இரவு 9:15

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். பேக்கிங் செட் பொள்ளாச்சியில் கிடைக்கும், வாங்கி வைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

சித்தூர்_டீசல்
வியாழன், இரவு 9:31

எலி திரும்ப வருமே, அதற்கு என்ன வழி? எங்கள் பக்கம் புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்துருண்டையும் போடுவார்கள்.

தத்தமங்கலம்_அக்கா
வியாழன், இரவு 9:44

அந்துருண்டை வேண்டாம். ஏசி போட்டால் அந்த நெடி உள்ளே இருக்கிற உங்களுக்குத்தான் வரும். எலிக்கு முன்னால் உங்களுக்குத் தலை சுற்றும்.

பத்து_நம்பர்_ஸ்பேனர்
வியாழன், இரவு 10:02

புகையிலை வாடை ஒரு வாரம் நிற்கும், அப்புறம் எலி அதையே மெத்தையாக்கிக்கொள்ளும், நானே பார்த்திருக்கிறேன். தினமும் ஓடுகிற வண்டியில் எலி வாசம் குறைவு. ராத்திரி தேங்காய் குவித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஏர் ஃபில்டர் வாய்க்கு ஒரு கம்பி வலை அடித்துக்கொடுக்கிறேன். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள், இப்போது சுத்தமாக இருப்பதால் ஒரு புழுக்கை விழுந்தாலும் தெரியும்.

செங்கோட்டை_800
வியாழன், இரவு 10:10

எல்லாம் சரி, அந்த லாட்டரிச் சீட்டில் நம்பர் எதுவும் தெரிந்ததா?

வேலந்தாவளம்_வேகன்ஆர்
வியாழன், இரவு 10:26

கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது, தேதியும் தெரிந்தது. அதுதான் வினையாகிவிட்டது. கூட்டின் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், பாம்புச் சட்டையைக் காட்டுவதற்காக. பாம்பை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அத்தை போட்டோவைப் பெரிதாக்கித் தேதியைப் படித்துவிட்டார். கண் ஆபரேஷனுக்குப் பணம் பற்றவில்லை என்று அத்தையின் வளையலை அடகு வைத்த வாரமாம் அது. மாமா இன்று காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார், வண்டியைத் திரும்பக் கொட்டகையிலேயே கொண்டுவந்து விடச் சொல்கிறார். ஓட்டுவதற்கு இல்லையாம், போய் உட்காருவதற்காம்.